நோட்டின் பின்பக்கம்

குலசேகரம் ஆஸ்பத்திரியில்
நூற்று எழுபதுக்கு நூற்றுப்பத்து.
கைப்பட்டையை உருவியபடி
நர்ஸ் ஷைனி சொன்னாள்:
"மாத்திரையும் போடும், அண்ணே.
ராத்திரி படுக்கதுக்கு முன்ன
வல்லதும் மூணு நல்லது எழுதும்."

நோட்டின் முன்பக்கம்
பால் எடை, சீட்டு, முதலாளி பாக்கி.
பின்பக்கத்தைத் திருப்பி
முதல் ராத்திரி ஒன்றே எழுதினேன்:
மழை இல்லை.
அதுவும் வெட்டுக்காரன் கணக்குதான்.

மறுநாள்:
அட்டை கடித்தது. ஒன்றுதான்.

அப்புறம் எட்டு நாள் எழுதவில்லை.
ரப்பர் விலை இறங்கியிருந்தது,
யாருக்கு நன்றி சொல்ல?

பிறகொரு விடியாத காலை
தலைவிளக்கு செத்துப்போய்
முந்நூறாவது மரத்தடியில் அசையாமல் நின்றேன்.
சொட்டு.
வெட்டி முடித்த மரங்கள் அத்தனையும்
இருட்டுக்குள் சிரட்டை சிரட்டையாய்
சொட்டிக்கொண்டிருந்தன.
இருபத்திரண்டு வருடம்
இந்தச் சத்தத்துக்குள்தான் நடந்திருக்கிறேன்.
நான் கீறிய இடத்திலிருந்தே
தருகின்றன.

அன்று எழுதியது நீளம்.
ஸ்டெல்லஸ் காசு வாங்காமல் தந்த பேட்டரி.
லீலாபாய் கட்டன்சாயாவில்
கேட்காமலே நசுக்கிப்போட்ட இஞ்சி.
தோளில் வலி இருக்கிறது,
தோளும் இருக்கிறது.

இரண்டு மணிக்கே முழித்து
ஓட்டைப் பார்த்துக் கிடப்பவனை
மூன்று மணி அலாரம்
முதன்முதலாக எழுப்பியது.

நேற்று நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு.
"மருந்து பிடிச்சிருக்கு" என்றார் டாக்டர்.
இருக்கட்டும்,
மருந்தையும் எழுதிக்கொண்டேன்.
ஷைனி மட்டும்
நோட்டைத் திருப்பிப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள்.

ரப்பர் விலை
இன்னும் முன்பக்கத்தில்தான்.