கழிவு

முக்கூடல் பீடிக்கடையில்
கட்டுப் பார்க்கிற வேலை எனக்கு, இருபத்திரண்டு வருஷமாக.
ஆள் முகத்தைப் பார்க்க வேண்டாம்,
கட்டைத் தொட்டால் கை தெரியும்.
பாப்பாக்குடி பிரமுவின் நூல் இடப்பக்கம் ஏறும்.
அவள் மதினி இலையை ஈரத்தோடு சுருட்டுவாள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை
பிரமுவின் தட்டில் தெரியாத கை ஒன்று வந்தது.
மடிப்பு அவிழ்ந்து, வயிறு உப்பி,
பயந்த பிள்ளைக்குத் தாயத்துக் கட்டின மாதிரி
நூல் நாலு சுற்று.
மூன்று கட்டு. மூன்றையும் ஒதுக்கினேன்.
"யாரு ளா சுத்துனது?"
"எங்க சாமியாரம்மா."

சித்பிரபாம்பா.
நாற்பத்தாறு ஊரில் விளக்குப் பள்ளி நடத்துகிற மடத்தின் தலைவி.
அவர் கார் திரும்புகிற சத்தம் கேட்டாலே
எங்கள் முதலாளி தோள்துண்டை இடுப்புக்கு இறக்குவார்.
சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பதிகம், ஒரு கணக்கு,
அவ்வளவுதான் அங்கே பாடம்.
பாப்பாக்குடிப் பிள்ளைகள் பதிகத்துக்கு இருந்துவிட்டுக்
கணக்குக்கு எழுந்து போனார்கள்,
இன்னும் ஆயிரம் முடியலை என்று.
"நீங்க போடுங்க, நான் சுத்துதேன்" என்று
காவிச்சேலை மடியில்
சொளவை வாங்கி வைத்துக்கொண்டாராம்.

மடத்துக் கமிட்டியில் பெரிய சத்தம்:
திருநீறு கொடுக்கிற கையில் புகையிலைத் தூளா?
அதற்கு அவர் சொன்ன பதிலை
ஊரில் நாலு விதமாகச் சொல்கிறார்கள்.
பதிலே சொல்லவில்லை,
வழியெல்லாம் தும்மிக்கொண்டு வந்தார் என்கிறார்
டிரைவர் கோமதிநாயகம்.

கார்த்திகையில் வயிறு இறங்கிற்று.
மார்கழியில் மடிப்பு நின்றது.
தை பிறந்ததும் அந்தக் கையை ஒதுக்க
எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.
ஒதுக்கினேன்.
தேறினாலும் தேறாவிட்டாலும்
ஆளுக்கு ரெண்டு கட்டு ஒதுக்குவது கடை வழக்கம்.

அந்த வாரம் பிரமு நோட்டோடு வந்தாள்.
"அண்ணாச்சி, நேத்துப் போட்ட கணக்கு.
சரியான்னு பாத்துச் சொல்லுங்க."
ஆளுக்கு ரெண்டு கட்டு, நூற்றிருபது பேர்,
மாதத்துக்கு இருபத்தாறு நாள்:
ஆறாயிரத்து இருநூற்று நாற்பது.
சிவப்பு மையில் சரி போட்டிருந்தது.
அதற்குக் கீழே இன்னொரு கேள்வி,
விடைக்கு இடம் விட்டு:
கழித்த பீடியை யார் குடிக்கிறார்கள்?

பின்னால் வரிசை நின்றது.
புகையிலைக் கடையில் ஒருத்தர்கூட இருமவில்லை.
முதலாளி அறையில் காலண்டர்,
அதில் சித்பிரபாம்பா கண்மூடி இருக்கும் படம்
மின்விசிறிக் காற்றில் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது.
வெள்ளி ராத்திரி வெளியே போகிற சாக்குக்கு
வாய் தைப்பது நான்தான்.
கோணி ஊசி அப்போதும் சட்டைப்பையில் இருந்தது.

"பெருக்கல் சரிதான்" என்றேன்.

அன்றைக்குப் பிரமுவுக்குக் கழிவு இல்லை.
அவள் பின்னால் நின்ற மதினிக்கும் இல்லை.
மூன்றாவது ஆள் கட்டு நிஜமாகவே மோசம்.
ஒன்றை ஒதுக்கினேன்.
அவளும் ஒரு நோட்டைப் பிரித்து,
பென்சிலை நாக்கில் தொட்டு,
"ஒண்ணு" என்று
சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டாள்.