ஒன்று கூடுதல்

அறிக்கையின் மூன்றாம் வரியில்
'மூலக்கூறு அயனி' என்று அடித்திருந்தான் அஜின்.
நான் அதை அடித்தேன்.
அது எலக்ட்ரான் ஒன்றை இழந்தது.
இது எதையும் இழக்கவில்லை.

'போலி மூலக்கூறு அயனி' என்று மாற்றிக் கொண்டுவந்தான்.
பழைய கையேட்டில் அப்படித்தான் இருக்கிறதாம்.
தேன் அறிக்கையில் போலி என்று எழுதுவதா?
மார்த்தாண்டம் சந்தையில் அந்த ஒரு சொல் போதும்,
ஒருவரின் நூறு தேன்பெட்டியைக் கவிழ்க்க.

புரோட்டான் ஏற்ற மூலக்கூறு.
நீளம்தான். கட்டத்துக்குள் அடங்கவில்லை.
எழுத்தைச் சிறிதாக்கினோம்.

நாலு மணிக்கு மழையோடு வந்தார் செல்வதாஸ்.
ஆற்றூர் ரப்பர் தோட்டத்துத் தேன்.
சட்டையில் புகை வாடை.
445 என்ற எண்மேல் விரலை வைத்தார்.
"டெட்ராசைக்ளினுக்கு நானூத்தி நாப்பத்தி நாலுன்னு
மருந்துக்கடைப் பயல் போனில பாத்துச் சொன்னான்.
இதில ஒண்ணு கூடுதலு.
சத்தியமாட்டு அதை நான் சேக்கல்ல பிள்ளே."

உண்மைதான். அவர் சேர்க்கவில்லை.
அந்த ஒன்று எங்களுடையது.
கரைப்பானில் நாங்கள் சொட்டுவிட்ட பார்மிக் அமிலம்,
எறும்பு கடித்தால் எரியுமே, அதே அமிலம்.
அது தன் புரோட்டானைக் கொடுத்தால்தான்
மின்சுமை இல்லாமல் பதுங்கிக் கிடப்பது
கருவியின் கண்ணுக்குப் படும்.

சொன்னேன்.
முழுதும் கேட்டார், குடையை மடக்கியபடி.

"அப்பம்
மிச்சம் நானூத்தி நாப்பத்தி நாலு?"

அஜின் எழுந்து சன்னலை மூடப் போனான்.
அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.