கடைசி ஃபாரம்

"ஊருக்குள்ள போவாதும்மா,
மேம்பாலத்துக்கிட்டயே எறங்கிக்க."
நடத்துநர் சொல்லும்போது மணி இரண்டே முக்கால்.
கிருஷ்ணகிரி என்னை எப்போதும்
வெளியே வைத்தே இறக்கிவிடுகிறது.

திருச்சியில் பேசிய தொண்டை
தொப்பூர் வளைவுகளில் எங்கோ கழன்று விழுந்திருக்க வேண்டும்.
பையில் பாதி படித்த புத்தகம் ஒன்று,
படிக்க மாட்டேன் என்று தெரிந்தே வாங்கியவை மூன்று,
கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளை மயில் ஒன்று.
மயில்தான் கனம்.
அதன் காலடியில் 'மாதேஸ்வறி' என்று
வல்லின றகரம் போட்டு
என்னைக் கௌரவித்திருக்கிறார்கள்.

மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள்
சாலையோரம் வரிசையாகத் தூங்குகின்றன.
தார்ப்பாய்க்குள் பெங்களூரா புளித்துக்கொண்டிருக்கிறது.

மேடை ஏறினால்
முதலில் எல்லோரும் பார்ப்பது என் பல்லை.
எங்கள் ஊர் போர்த்தண்ணீர்
குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்பில் எழுதியது.
பதினைந்து வயதில் கையால் மூடிக்கொண்டு பேசினேன்.
'குரலில் தெளிவில்லை' என்று மதிப்பெண் குறைத்தார்கள்.
இப்போதெல்லாம்
பல்லுக்கென்று இரண்டு நிமிடம் ஒதுக்கிவிடுகிறேன்.
பார்த்து முடிக்கட்டும்.
மூன்றாவது நிமிடத்தில்தான் பேச்சு.

காரிமங்கலம் கிளை நூலகத்தில்
ஒரு கடல் நாவல் இருந்தது.
இருநூற்று எட்டாம் பக்கத்தில்
புயலுக்கு நடுவே ஒருவன் துடுப்பைத் தவறவிடுகிறான்.
அதற்குப் பிறகு பின்னட்டைதான்.
கடைசி ஃபாரம், பதினாறு பக்கம்,
தைத்த நூலோடு போயிருந்தது.

நான் கடலைப் பார்த்ததில்லை.
அந்த வருடம் ஏரியையும் பார்க்கவில்லை,
அதன் அடியில் கிரிக்கெட் ஆடினார்கள்.
அவனை அப்படியே விட்டுவிட்டுத் தூங்க முடியாமல்
கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து
ஒகேனக்கல் பரிசல் ஒன்றை அனுப்பிவைத்தேன்.
ஏறிக்கொண்டான்.
கரை சேர்ந்தான்.

அதுதான் என் முதல் கதை என்று
எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை.
மேடைகளில் மட்டும் சொன்னேன்,
என்னுடையது என்றில்லாமல்,
அந்த நாவலின் முடிவே அதுதான் என்பதுபோல.
இருபத்திரண்டு வருடம்.
எந்த ஊரிலும்
பரிசல் வரும் இடத்தில் கைதட்டினார்கள்.

தூத்துக்குடியில், தங்கவைத்த வீட்டு அலமாரியில்
அதே நாவல் முழுசாக இருந்தது.
நள்ளிரவு தாண்டி எடுத்தேன்.
இருநூற்று எட்டில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு
கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.
மின்விசிறி மீதியைத் திறந்துகாட்டப் பார்த்தது.
மூடிவைத்துவிட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே
நிஜக் கடல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

போன மாதம் மொரப்பூர்.
பத்தொன்பது பேர்,
அதில் நாலு பேர் ரயிலுக்குக் காத்திருந்தவர்கள்.
பேசி இறங்கி, தண்ணீர் பாட்டிலைத் தேடும்போது
ஒயரைச் சுருட்டிக்கொண்டே
மைக்செட் திம்மராயன் கேட்டார்:
"ஏன் மேடம், அந்த ஆளு
கடைசில செத்துல்ல போறான்?"

என் கூட்டம் ஒரு முப்பதாவது
அவர் கேட்டிருப்பார்.
அவர் முகத்தை
அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன்.

"எங்க நூலகத்துப் புத்தகத்துல
அந்தப் பதினாறு பக்கம் இல்லீங்க."

ஒயர் முழங்கைக்கும் கட்டைவிரலுக்குமாக
இன்னும் நாலைந்து முறை போய்வந்தது.
"அதான பாத்தேன்" என்றார்.
குழாயைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.
போகிறபோது திரும்பாமலே,
"பரிசல் கடல்ல நிக்காதுங்க. சுத்தும்."

மேம்பாலத்தடியில் ஒரே ஒரு ஆட்டோ.
ஓட்டுநரின் கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன.
எழுப்ப மனமில்லாமல்
மயிலைத் தடுப்புச்சுவரில் வைத்துவிட்டு நிற்கிறேன்.

ஞாயிறு இராயக்கோட்டை.
அழைப்பிதழில் தலைப்பு அச்சாகிவிட்டது:
'என்னை ஆக்கிய புத்தகங்கள்'.
ஒலி அமைப்பு, திம்மராயன்.

பல்லுக்கு இரண்டு நிமிடம்.
அதற்கப்புறம் என்ன சொல்வதென்று
இன்னும் தெரியவில்லை.