கோடிட்ட இடம்

மயிலாடுதுறை ஆயுதப்படைக் கிடங்குக்குக்
கார்பைன் வாங்கப் படிவம் வந்திருக்கிறது.
குண்டின் அளவு: கோடிட்ட இடம்.

ஈர மணல்மூட்டையில் இரண்டையும் சுட்டுப் பார்த்தோம்.
கொள்ளிடத்து மணல்,
எந்தத் துளையையும் வைத்துக்கொள்ளவில்லை.
நாற்பத்தைந்துதான் ஆளைச் சாய்க்கும் என்றார் எஸ்.ஐ.
தையல்நாயகி பேசாமல்
தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இடுப்பில் தொங்கும் பிஸ்டலுக்கு ஒன்பது எம்.எம்.
இதற்கும் அதுவே என்றால்
ஒரே பெட்டி, ஒரே பேரேடு.
ஒரு தோட்டா குறைந்தாலும்
தூக்கம் போவது எனக்குத்தானே.

ஒன்பது என்று எழுதினேன்.
காரணத்துக்கான கட்டம் விரலகலம்.
‘சிக்கனம்’ இடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் நடவு.
ஒவ்வொரு வெடிக்கும்
குனிந்தபடியே கைகள் நின்று
பிறகு
நாற்றுமுடியைப் பிரிக்கின்றன.