நீல நூல்

கம்பெனியில் அறுந்து விழும் நைலான் நூலை
யாரும் கணக்குக் கேட்பதில்லை.
ஷூவின் மேல்தோல் தைக்கிற மிஷினடியில்
சாயங்காலம் கூட்டினால் ஒரு கை தேறும்.
இடுப்பில் செருகிக்கொண்டு
பள்ளிகொண்டாவில் பஸ் இறங்குவேன்.

சிவப்பு, கெங்கையம்மன் திருவிழாவுக்கு.
நீலம், இனத்துக்கு.
காலில் ஒன்றும் இல்லாத கோழியைப் பற்றி
நான் இன்னும் யோசிக்கிறேன் என்று அர்த்தம்.

பெயர் வைக்கக் கூடாதென்று
ஏகாம்பரத்திடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.
பெயர் வைத்த கோழியை இரண்டு தடவை போட்டுத் தின்றுவிட்டு
மூன்று நாள் முகம் கொடுக்காத மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை
கொய்யாக் கிளையில் ஸ்பிரிங் தராசு தொங்கும்.
பழைய ரேஷன் பையில் கோழி, வெளியே தலை மட்டும்.
நோட்டில் தேதி, எடை, தாய், தகப்பன்.
நொய் எத்தனை படி, புண்ணாக்கு எவ்வளவு,
சாணிப் பானையைக் கவிழ்த்து வைத்துப் பிடித்த கரையானுக்கு
விலை போடவில்லை.

பொய்கை சந்தையில் ஒரு செவ்வாய்க்கிழமை
லீவு போட்டு வாங்கினேன் அந்தச் சேவலை.
மூன்றே கால் கிலோ.
நெஞ்செலும்பைத் தடவினால் விரலுக்கு எலும்பு தட்டவில்லை.
இரண்டாயிரத்து இருநூறு.
அங்கேயே, ஷேர் ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால்,
நீல நூல் கட்டிவிட்டேன்.

இன்னொன்று இருந்தது.
கடன் போன முட்டைக்குப் பதிலாக
பக்கத்து வீட்டுத் தனக்கோட்டி கொடுத்த மொட்டைக் கழுத்து.
ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது.
வெயிலில் வெந்த மாதிரிச் சிவந்த கழுத்து.
சிவப்பு நூல் கட்டி, கூடையில் கவிழ்த்து,
மேலே அம்மிக்கல்லை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்
தினமும்.

ஏகாம்பரத்துக்கு டோல்கேட்டில் ராத்திரி வேலை.
பகலெல்லாம் வீட்டில்தான்.

கருப்புக்கோழி அடைக்கு உட்கார்ந்தது.
மணல் பரப்பிய கூடை, பதிமூன்று முட்டை,
இடிக்கு ஓர் ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய்.
ஏழாம் நாள் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்:
இரண்டு கூமுட்டை.
மற்றதிலெல்லாம் சிலந்தி கால் பரப்பின மாதிரி நரம்பு.
தகப்பன் என்ற இடத்தில்
பேனாவாலேயே எழுதினேன், பொய்கை.

திருவிழா வந்தது. வாணியம்பாடியிலிருந்து நாத்தனார் அமுலு,
அவள் வீட்டுக்காரர், நாலு பிள்ளைகள்.
மொட்டைக் கழுத்தை அறுத்தது நான்.
மஞ்சள் தடவித் தீயில் வாட்டியதும் நான்.
அமுலு நெஞ்செலும்பை உறிஞ்சிக்கொண்டே,
"சும்மா சொல்லக்கூடாது அண்ணி,
அதோ நிக்கிறானே தடியன், அவன் கறி இப்டி இருக்குமா?"
தடியன் தொட்டியோரம் உட்கார்ந்திருந்தான்.
எப்போதும் அங்கேதான்.
நொய் விழுந்தால் முதலில் எழுவான்,
கோழிகள் கடந்து போனால் எழமாட்டான்.
அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

இருபத்தோராம் நாள் ஓட்டுக்குள் சத்தம்.
ஒன்று உள்ளேயே செத்தது. பத்து பிழைத்தது.
ஈரம் காய்ந்து பஞ்சாய்ப் பூத்த பிறகு பார்க்கிறேன்,
ஆறுக்குக் கழுத்தில் ஒரு மயிர் இல்லை.

"இன்னா கணக்கு போட்டுக்கினு இருந்த நீ இத்தினி நாளா?"
என்று சிரிக்கிறார் ஏகாம்பரம்.
அம்மிக்கல்லைத் தூக்கியது யாரென்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
மீதி நாலு யாருடையதென்று நோட்டுக்கும் தெரியாது.
பொய்கையை அடித்துவிட்டு
அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இன்று ஏழாம் நாள்.
மாட்டாஸ்பத்திரியிலிருந்து ஐஸ் போட்ட டம்ளரில்
வெள்ளைக் கழிச்சலுக்குச் சொட்டு மருந்து வந்திருக்கிறது.
கண்ணுக்கு ஒரு சொட்டு.
தலை ஆடாமல் இருக்க
இரண்டு விரலால் கழுத்தைப் பிடிக்க வேண்டும்.

சூடாக இருக்கிறது. துடிக்கிறது.
எனக்குத் தெரிந்த கழுத்து.

கண்ணை மூடித் திறந்தது,
சொட்டு உள்ளே போயிற்று.

அடுத்தது.