நாற்பத்தெட்டு மீட்டர்

முகப்பில் குப்புறப் படுத்தால்
வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு,
எல்லா நிலைகளும் ஒரே கோட்டில்.
கடைசி நிலைக்கு அப்பால் அடுத்த தெரு.
பள்ளத்தூரில் இந்த வீட்டைக் கட்டியவர்கள்
காற்றோட்டத்துக்காக இப்படி வைத்தார்களாம்.
எனக்கு அது நாற்பத்தெட்டு மீட்டர்.
டேப்பில் இரண்டு முறை அளந்தேன்.

முன்பாதி எங்கள் பங்கு,
பின்பாதி சிகப்பி வீட்டுப் பங்கு.
இருபத்திரண்டாவது மீட்டரில் ஒரு கதவு.
இந்தப் பக்கம் எங்கள் பூட்டு, அந்தப் பக்கம் அவர்கள் பூட்டு,
தேவகோட்டையில் வழக்கு.

இருபத்திரண்டு வரை நான் கெட்டிக்காரி.
ஐந்து குண்டும் ஒரு சுண்டைக்காய்க்குள் அடங்கும்.
அதற்கு மேல் போக அவளும் திறக்க வேண்டும்.

"காலை ஆறு. அரை மணி நேரம். கதவு" என்று அனுப்பினேன்.
ஆறு வருடத்தில் முதல் பேச்சு.
"சரி. குறியை யார் பார்ப்பது?" என்று வந்தது.

பின்வாசலில் மணல் மூட்டை, அதன்மேல் அட்டை.
அவள் பக்கத்து அறைச் சுவருக்குப் பின்னால்.
எதிரே சாய்த்து வைத்த பெல்ஜியம் கண்ணாடியில்
அட்டையைப் பார்த்து போனில் சொல்வாள்:
"இடம், ரெண்டு மிளகு."
அவ்வளவுதான்.
சௌக்கியமா என்று அவளும் கேட்கவில்லை, நானும்.

இருபதுக்குச் சரிசெய்த ஸ்கோப்
நாற்பத்தெட்டில் அரைச் சாணுக்கு மேல் இறங்கியது.
அது கணக்கு, திருகினால் தீரும்.
மற்றதெல்லாம் வட்டி.
இங்கே மயிரிழை பிசகினால்
அங்கே முதலும் வட்டியுமாக வந்து நிற்கும்.

காரைக்குடியில் நகைத் தராசு வாங்கி வந்து
ஒரு டின் குண்டையும் நிறுத்தேன்.
ஐந்நூறில் நூற்றுப்பத்துதான்
ஐந்நூற்று நாற்பது மில்லிகிராம்.
பாவாடை நசுங்கியவற்றைத் தள்ளினேன்.

ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் துள்ளும்.
இறுக்கிப் பிடித்தால் பழிவாங்கும்.
விளிம்புவரை ரசம் ஊற்றிய கிண்ணம்போல
இடது உள்ளங்கையில் சும்மா இருக்கவிட வேண்டும்.
சுட்ட பிறகும் அசையக் கூடாது.
குண்டு குழலை விட்டுப் போகும் முன்பே
கண் போய் எட்டிப் பார்க்கிறது,
என் பழைய வியாதி.

ஒவ்வொரு நிலையிலும் ஒரு தையல் நூல் தொங்கவிட்டேன்.
வளவில் நூல் கிழக்கே சாயும்,
மூன்றாங்கட்டில் மேற்கே.
ஒரே வீடு.
தூரத்து நூலையே நாலு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகுதான் உறைத்தது:
குழல் வாய்க்குப் பக்கத்தில் வீசும் காற்றுதான் அதிகம் கெடுக்கிறது,
அங்கே திரும்பிய குண்டுக்கு
இன்னும் நாற்பது மீட்டர் திரும்பியபடியே போக வேண்டியிருக்கிறது.

இருந்தும் சரியாகவில்லை.
"இடம், மூணு மிளகு." வலப்பக்கம் திருகினேன்.
"இடம், அஞ்சு." இன்னும் திருகினேன்.
"இடம். மணல் மூட்டையில பட்டுச்சு."
ஸ்கோப்பைத் திட்டினேன், காற்றைத் திட்டினேன்,
மனசுக்குள் அவளையும்.
வேண்டுமென்றே சொல்கிறாள்,
அவள் அப்பாவின் புத்தி.

ஏழாம் நாள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன்.
வளவு கடந்து, பூட்டுகள் தொங்கும் கதவைக் கடந்து.
அவள் பக்கத்துத் தரை என் காலுக்குப் புதிதாகச் சில்லிட்டது.
அட்டையில் ஓட்டைகள் எல்லாம்
வலப்பக்கம்.

"இடம்னு சொன்னே?"
"இடம்தான். பாரு."
அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன்.
கண்ணாடியில் இடம்தான்.

முதலில் சிரித்தது யார் என்று
எந்தக் கோர்ட்டிலும் என்னால் சொல்ல முடியாது.

அன்றைக்கே எதிர்ப்பக்கம் திருகி ஐந்து சுட்டேன்.
ஒரு நெல்லிக்காய் அளவு.
நாற்பத்தெட்டு மீட்டருக்கு மோசமில்லை.
ஒன்று மட்டும் தனியே விலகிப் போனது.
அது நான் எட்டிப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை வாய்தா.
அவள் அப்பா ஒரு பெஞ்சில், என் அண்ணன் ஒரு பெஞ்சில்.
புதன்கிழமை கதவு திறக்குமா என்று கேட்கவில்லை.
நூற்றுப்பத்தில் இன்னும்
முப்பத்தைந்து குண்டு இருக்கிறது என்று மட்டும் அனுப்பினேன்.

"கண்ணாடியை எடுத்துட்டேன்" என்று பதில் வந்தது.
"சுவத்துல ஒரு ஓட்டை போடணும். அது யார் பங்கு?"