தரை நிரப்புதல்

நூற்றுப் பன்னிரண்டு படங்கள் வந்தன.
கானாடுகாத்தானில் ஒரு வீட்டை
இரண்டு நாளைக்கு வாடகைக்குப் பிடித்து
தீபாவளிப் பாவாடைகளை எடுத்திருக்கிறார்கள்.
செக்காலை ரோட்டில் மருந்துக்கடைக்கு மேலே
என் கணினி.
படத்துக்கு நூற்று எண்பது ரூபாய்.

கூடவே ஒரு குறிப்பு:
பல் இடைவெளியை மூடவும்.
முழங்கால் தழும்பு வேண்டாம்.
உதடு இன்னும் சிவப்பு.
கன்னத்தை ஒடுக்கவும், பாப்பா மாதிரி இருக்கக் கூடாது.
பார்வை (இதை இரண்டு தரம் படித்தேன்)
கல்யாணப் பொண்ணு பார்வை.

ஏழு வயது இருக்கலாம் அவளுக்கு.
கோப்பின் பெயர் கிட் நாலு.

பல்லிலிருந்து தொடங்கினேன்.
பக்கத்துப் பல்லை நகலெடுத்துத்
திருப்பி ஒட்டினால் முடிந்தது.
போன வாரம்தான் விழுந்திருக்க வேண்டும்,
ஈறு ஆறவில்லை.
எழுபதாவது படத்தில்
யாரோ விளக்கை நகர்த்திய நேரம்
அந்த ஓட்டைக்குள் நாக்கை விட்டுத்
துழாவிக்கொண்டிருந்தாள்.
அத்தனையிலும் அது ஒன்றுதான் அவள் படம்.
தேர்வான பட்டியலில் அது இல்லை.

உதட்டைச் செய்தேன்.
கன்னத்தைச் செய்யவில்லை.
கேட்டால் மென்பொருள் தொங்கிவிட்டது என்பேன்.
என் வீரம் அவ்வளவுதான்,
இரண்டு மாத வாடகை பாக்கி.

நாற்பத்தோராவது படத்தில்
வளவுத் தூணோரம் தரையில் ஒரு பையன்.
வெறும் மேல். மடியில் சைக்கிள் டயர்.
காவலாளி மகனோ,
வேடிக்கை பார்க்க வந்தவனோ.
அவனுக்கும் குறிப்பு உண்டு:
பின்னால பையன் இருக்கட்டும், நேட்டிவிட்டி.
ரெண்டு ஷேடு கருப்பாக்குங்க. மேல புழுதி.
பாப்பா ரெண்டு ஷேடு வெளுப்பு.

ஒரே பொத்தான்தான்.
இடப்பக்கம் இழுத்தால் அவன்,
வலப்பக்கம் இழுத்தால் அவள்.

அவளுக்காவது அம்மா ஒரு தாளில்
கையெழுத்துப் போட்டிருப்பாள்.
இவனை யாரைக் கேட்டு எடுத்தார்கள்?

அழித்துவிட்டேன்.
சுலபம். ஆத்தங்குடிக் கல்.
ஒரு பூவை எடுத்துக்கொண்டால் போதும்
அதே பூ அதே பூ அதே பூ என்று
தரை தானாக வந்துவிடும்.
முதலில் டயர் போனது, அப்புறம் கால்.
முகத்துக்கு மட்டும் பதினொரு நிமிடம் ஆனது.
பையன் கவனத்தைக் கலைக்கிறான் என்று எழுதி அனுப்பினேன்.
சரி என்றார்கள்.
புண்ணியம் என்றொரு சொல் மனசில் வந்தது.
அதையும் அப்போதே அழித்திருக்கலாம்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள்
பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேனர் ஏறியது.
முப்பதடி உயரத்தில் அவள்.
பல் வரிசை கச்சிதம்.
கன்னத்தை வேறு யாரோ ஒடுக்கியிருந்தார்கள்.

கீழே மூன்று பையன்கள் அண்ணாந்து நின்றார்கள்.
சட்டை போட்டிருந்ததால்
எனக்கு உடனே பிடிபடவில்லை.

இங்கனதாண்டா இருந்தேன்,
அந்தத் தூணுகிட்ட.
கேமராக்காரர் பெட்டியில காட்டுனாரு,
நல்லா இருக்கேன்னு சொன்னாரு.

புளுகாத சேவுகா என்றான் ஒருத்தன்.
இன்னொருத்தன் ஏற்கெனவே
பரோட்டாக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
இதற்காகவா பஸ் ஏறி வந்தார்கள்?

அசல் படம் என்னிடம் இருக்கிறது.
கூப்பிட்டுக் காட்டலாம்.
காட்டினால்
நீ ஏன் என்னை எடுத்தாய் என்பான்.
உன் நல்லதுக்கு என்று
நானும் ஒரு குறிப்பு எழுத வேண்டியிருக்கும்.

சேவுகன் கையை நீட்டி, எட்டி,
குதிகாலைத் தூக்கிக் காட்டினான்:
இந்தக் கல்லுடா, இந்தக் கல்லு மேல.

அவன் விரல் நின்ற இடத்தில்
ஒரு பூவின் இதழ்
பக்கத்துப் பூவோடு சேராமல்
அரை நூல் விலகியிருந்தது.
அங்கேதான் அவன் முகம்.